கோடி ரூபாய் விற்றுமுதலும் கிலோவுக்கு இரண்டு ரூபாயும்

கேள்வி: “எங்கள் பகுதியில் இரண்டு உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உள்ளன. நான் உறுப்பினராக இருக்கும் நிறுவனம் கடந்த ஆண்டு 4 கோடிக்கு மேல் வியாபாரம் செய்து, மேடையில் பாராட்டும் வாங்கியது. இப்போது எண்ணெய் ஆலை அமைக்க ஆளுக்கு 10,000 ரூபாய் கூடுதல் பங்குத்தொகை கேட்கிறார்கள். பக்கத்து நிறுவனம் 1 கோடியைத் தாண்டவே திணறுகிறது. ஆனால் அங்கே மல்லாட்டைக்கு விலை கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. எனக்கு மூன்று ஏக்கர். வீட்டு நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கலாமா? எது நல்ல நிறுவனம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

– விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: மேடைகளில் சொல்லப்படும் எண் பெரும்பாலும் விற்றுமுதல்தான். ‘டர்ன்ஓவர் நாலு கோடி’ என்றால் கேட்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் அது நிறுவனத்தின் வழியாக ஓடிய பணம். நிறுவனத்தில் தங்கிய பணம் எவ்வளவு, உறுப்பினர் கைக்குப் போனது எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது.

உழவர் நிறுவனங்களில் விற்றுமுதலை ஏற்றுவதற்கு எளிய வழி உரக்கடை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்று விற்பனை விலை கட்டுப்பட்டிருக்கிறது. நிறுவனம் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வைத்து விற்க முடியாது. கிடைக்கும் கழிவு சொற்பம். ஆனால் மூட்டையின் முழு விலையும் விற்றுமுதலில் ஏறிவிடும். உரக்கடை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. பருவத்தில் உள்ளூரிலேயே உரம் கிடைப்பது பெரிய உதவி, வண்டி வாடகையும் மிச்சம். அந்த விற்பனைத் தொகையை நிறுவனத்தின் திறமைக்கு அளவாகக் காட்டுவதுதான் சரியில்லை.

வாசகர் குறிப்பிடும் நிறுவனங்களின் கணக்கேடு இங்கே கையில் இல்லை. அதனால் அதே சாயலில் இரண்டு நிறுவனங்களைக் கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். எண்கள் எல்லாம் உதாரணமே.

இரண்டு நிறுவனங்கள், ஐந்து அளவுகோல்கள்

பெரிய நிறுவனத்தில் 700 உறுப்பினர்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டியதில் 7 லட்சம் சேர்ந்தது. 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில், உறுப்பினர் கட்டும் பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, ஓர் அமைப்புக்கு 15 லட்சம் வரை பங்கு மானியம் உண்டு. அப்படி 7 லட்சம் வந்தது. பங்கு முதல் 14 லட்சம், சேர்த்து வைத்த காப்பு நிதி 4 லட்சம், ஆக சொந்தப் பணம் 18 லட்சம். இதைத்தான் கணக்கர்கள் நிகர மதிப்பு என்கிறார்கள். இதற்கு மேல் 14 சதவிகித வட்டிக்கு 60 லட்சம் கடன். ஆண்டு விற்றுமுதல் 4 கோடியே 20 லட்சம். அதில் உரம், விதை, மருந்து 3 கோடியே 20 லட்சம். உறுப்பினர்களிடம் வாங்கிய 150 டன் நிலக்கடலையை விற்றது 1 கோடி. எல்லாச் செலவும் வட்டியும் போக நிகர லாபம் 2,10,000 ரூபாய்.

சிறிய நிறுவனத்தில் 420 உறுப்பினர்கள். மானியமும் சேர்த்துப் பங்கு முதல் 8,40,000, காப்பு நிதி 3,60,000, ஆக நிகர மதிப்பு 12 லட்சம். கடன் 10 லட்சம், வட்டி 11 சதவிகிதம். விற்றுமுதல் 1 கோடியே 10 லட்சம். அதில் 100 டன் நிலக்கடலை. உடைத்து, தரம் பிரித்து, நேரடியாக ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். நிகர லாபம் 1,50,000 ரூபாய்.

விற்றுமுதலில் பெரியது முன்னே, நிகர லாபத்திலும் பெரியதே முன்னே. இதோடு நிறுத்தினால் கேள்வி முடிந்துவிடும். ஆனால் விற்ற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் பெரிய நிறுவனத்தில் தங்கியது 50 காசு, சிறியதில் 1 ரூபாய் 36 காசு.

அடுத்து, சொந்தப் பணத்தின் மீது கிடைத்த லாபம். 18 லட்சத்துக்கு 2,10,000 என்றால் சுமார் 11.7 சதவிகிதம். 12 லட்சத்துக்கு 1,50,000 என்றால் 12.5 சதவிகிதம். இங்கே சிறியது கொஞ்சம் முந்துகிறது.

சொந்தப் பணம், கடன் இரண்டையும் சேர்த்து, அந்த மொத்த முதலுக்கு வட்டி கட்டுவதற்கு முன் எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பது இன்னொரு அளவு. பெரியதில் லாபம் 2,10,000, வட்டி 8,40,000, ஆக 10,50,000. மொத்த முதல் 78 லட்சம். சுமார் 13.5 சதவிகிதம். சிறியதில் லாபம் 1,50,000, வட்டி 1,10,000, ஆக 2,60,000. மொத்த முதல் 22 லட்சம். 11.8 சதவிகிதம். மறுபடியும் பெரியதே முன்னே!

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பெரிய நிறுவனம் 100 ரூபாயைப் போட்டு 13 ரூபாய் 50 காசு சம்பாதிக்கிறது. கடனுக்கு 14 ரூபாய் வட்டி கட்டுகிறது. 60 லட்சம் கடனில் ஆண்டுக்குச் சுமார் 32,000 ரூபாய் துண்டு விழுகிறது. அதை ஈடுகட்டுவது உறுப்பினர்களின் சொந்தப் பணம் சம்பாதித்த லாபம். சிறிய நிறுவனம் 11.8 சம்பாதித்து 11 கட்டுகிறது. குறைவுதான், ஆனால் கடன் அதன் கையைக் கடிக்கவில்லை. கடன் வாங்கித் தொழில் செய்யும் யாருக்கும், அது நிறுவனமானாலும் கறவை மாடு வாங்கிய குடும்பமானாலும், முதலில் பார்க்க வேண்டிய ஒப்பீடு இதுதான்.

சொந்தப் பணத்துக்கும் கூலி உண்டு

ஐந்தாவது அளவுகோல் விவசாயிகளுக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்காக வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் சாகுபடிச் செலவைப் பல வகையாகக் கணக்கிடுகிறது. கையிலிருந்து கொடுத்த செலவு ‘ஏ2’. அதோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ‘ஏ2+எஃப்.எல்.’ சொந்த நிலத்துக்கு வந்திருக்கக்கூடிய குத்தகையையும், சொந்தமாகப் போட்ட முதலுக்கு உண்டான வட்டியையும் அதற்கு மேல் சேர்த்தால் ‘சி2’. அரசு ஏ2+எஃப்.எல். மீது ஒன்றரை மடங்கு தருகிறது. விவசாய சங்கங்கள் சி2 மீது ஒன்றரை மடங்கு கேட்கின்றன. சங்கங்களின் வாதத்தின் அடிப்படை எளிது: சொந்த நிலம், சொந்தப் பணம் என்பதால் அதற்குச் செலவே இல்லை என்று ஆகாது. வேறு இடத்தில் போட்டிருந்தால் அது சம்பாதித்திருக்கும்.

கம்பெனிக் கணக்கிலும் அதே நியாயம்தான். சாதாரண லாபக் கணக்கில் கடனுக்கான வட்டி கழிக்கப்படும். பங்குதாரரின் பணத்துக்கு எதுவும் கழிக்கப்படாது. அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பொருளாதார மதிப்புக் கூட்டல், சுருக்கமாக ‘ஈ.வி.ஏ.’ என்கிறார்கள். ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1990-களில் இதைப் பரப்பியது. நம் நாட்டில் இன்ஃபோசிஸ், இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கை ஆண்டறிக்கையில் வெளியிட்டிருக்கின்றன. ஆதரவு விலைக்குச் சி2 கேட்கும் விவசாயி, தான் பங்குதாரராக இருக்கும் நிறுவனத்திடமும் இந்தக் கணக்கைக் கேட்பதுதான் முறை.

உறுப்பினர் பணத்துக்கு 10 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், பெரிய நிறுவனத்தில் 18 லட்சத்துக்கு 1,80,000 கழிய வேண்டும். மிச்சம் 30,000 ரூபாய். சிறியதில் 12 லட்சத்துக்கு 1,20,000 கழிய வேண்டும். மிச்சம் அதே 30,000 ரூபாய். ஒருவர் 4 கோடியைப் புரட்டியும், இன்னொருவர் 1 கோடியைப் புரட்டியும் எட்டிய இடம் ஒன்றே.

இவற்றில் எது உண்மையான அளவுகோல் என்று படித்தவர்களுக்குள்ளேயே நெடுநாளாக விவாதம் உண்டு. ஈ.வி.ஏ. வந்தபோது, நிறுவனத்தின் மதிப்பைக் காட்ட இதைவிடச் சிறந்தது இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். பிடில், போவன், வாலஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்களை எடுத்துச் சோதித்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். பங்கின் விலைப் போக்கோடு கூடுதலாக ஒத்துப்போனது பழைய நிகர லாபக் கணக்குதான் என்று வந்தது. ஒரே எண்ணை நம்பி முடிவு செய்ய வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

லாபத்துக்குள் எட்டிப் பார்த்தால்

எந்த அளவுகோலும் அதற்குள் போடும் லாபத்தைப் போலத்தான் இருக்கும். எனவே லாபத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

ஆடிட்டர் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், கல்லூரிக்குப் போகும் பிள்ளையை உட்கார வைத்து மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். லாப நட்டக் கணக்கில் ‘அதர் இன்கம்’ என்ற வரி முதலாவது. அதே மத்தியத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்காக மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 18 லட்சம் வரை உதவி உண்டு. தலைமைச் செயல் அலுவலர் சம்பளம், அலுவலக வாடகை எல்லாம் அதில்தான் ஓடும். பெரிய நிறுவனத்தின் இந்த ஆண்டு வரவில் அப்படி 5 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உதவி நின்ற ஆண்டில் அதே வியாபாரத்துக்கு 2,10,000 லாபம் 2,90,000 நட்டமாக மாறும். சிறிய நிறுவனத்துக்கு உதவிக் காலம் முன்பே முடிந்துவிட்டது என்றால், அதன் 1,50,000 முழுக்க வியாபாரத்தில் வந்தது. உதவி வாங்குவது தவறில்லை. மூன்று ஆண்டுகளில் சொந்தக் காலில் நிற்பதற்குத்தான் அது கொடுக்கப்படுகிறது. நின்றதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது இடம் ‘டிரேட் ரிசீவபிள்ஸ்’, அதாவது வெளியே நிற்கும் பாக்கி. உரத்தைக் கடனுக்குக் கொடுத்தாலும் கொடுத்த அன்றே விற்பனையாகவும் லாபமாகவும் எழுதப்படும். பணம் வருவது வேறு கதை. 2021-22 முதல் நிறுவனங்கள் இந்தப் பாக்கியை ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு ஆண்டு, அதற்கு மேல் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கணக்கோடு இணைந்த குறிப்புகளில் அந்தப் பட்டியல் இருக்கும். பெரிய நிறுவனத்தில் ஓராண்டைத் தாண்டிய பாக்கி 9 லட்சம் என்றால், அது வராமல் போகும் நாளில் 18 லட்சம் நிகர மதிப்பில் பாதி கரைந்துவிடும்.

மூன்றாவது, வங்கி இருப்பு. லாபம் ஆண்டுக்கு ஆண்டு கூடியும் வங்கியில் பணம் குறைந்துகொண்டே வந்தால் ஏதோ இடிக்கிறது என்று பொருள். அந்த வங்கி இருப்பையும் வங்கிச் சான்றோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை 2009 ஜனவரியில் வெளிவந்தபோது, கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்தில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்குதான் அதுவும்.

பங்கின் மதிப்பு எவ்வளவு?

பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியின் மதிப்பைச் சந்தையே தினமும் சொல்லிவிடும். ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் கம்பெனியின் சந்தை மதிப்பு. அது கணக்கேட்டு மதிப்பைவிடப் பல மடங்கு இருக்கலாம், குறைந்தும் போகலாம். கம்பெனி நன்றாக நடந்தால் பங்கு விலை ஏறும்; விற்றால் லாபம் கையில்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இந்தக் கதவே கிடையாது. உறுப்பினர்கள் பலர் இதை அறியாமல்தான் பங்கு வாங்குகிறார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி இந்தப் பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு இன்னொரு செயல்படும் உறுப்பினருக்கு மாற்றலாம், அதுவும் முகமதிப்பில்தான். மேலே சொன்ன சிறிய நிறுவனத்தில் 10 ரூபாய்ப் பங்குக்குக் கணக்கேட்டு மதிப்பு 14 ரூபாய் 29 காசு, பெரியதில் 12 ரூபாய் 86 காசு. பழைய பாக்கி மூழ்கினால் பெரியதில் 6 ரூபாய் 43 காசு. நன்றாக நடந்தாலும் கைமாறும்போது கிடைப்பது அந்த 10 ரூபாய்தான். கெட்டு மூழ்கினால் அதுவும் போகும்.

பங்குக்கான ஈவுத்தொகைக்கும் நிறுவன விதிமுறைகளில் உச்சவரம்பு உண்டு. காப்பு நிதிக்கு ஒதுக்கி, அந்த வரம்புக்கு உட்பட்ட ஈவுத்தொகையும் கொடுத்தபின் மிஞ்சுவதை, யார் எவ்வளவு விளைபொருள் கொடுத்தார், எவ்வளவு வியாபாரம் செய்தார் என்ற கணக்கில் ஊக்கத்தொகையாகப் பிரிக்கலாம். யாரிடம் எத்தனை பங்கு என்ற கணக்கில் அல்ல. ஓட்டும் அப்படித்தான். தனிநபர்கள் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில் ஆயிரம் ரூபாய் போட்டவருக்கும் ஒரு லட்சம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு.

ஆகவே இந்த வகை நிறுவனத்தின் மதிப்பைப் பங்கில் தேடுவது வீண். அது களத்துமேட்டில், எடைத்தராசில் தெரியும். சிறிய நிறுவனம் அன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூட விலையைவிடக் கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டிக் கொடுத்தது என்றால், 100 டன்னுக்கு 2 லட்சம் ரூபாய் உறுப்பினர் வீடுகளுக்குப் போயிருக்கிறது. அந்தப் பணம் லாபக் கணக்கில் எங்கும் தெரியாது. கொள்முதல் செலவு என்று எழுதப்பட்டிருக்கும். கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தால் சிறிய நிறுவனத்தின் லாபம் மூன்றரை லட்சம் ஆகி, மேடையில் அதற்கும் ஒரு பொன்னாடை கிடைத்திருக்கும். பெரிய நிறுவனம் சந்தை விலைக்கே வாங்கியது. அதுவும் 2 ரூபாய் கூட்டியிருந்தால் 150 டன்னுக்கு 3 லட்சம் போய், லாபம் 2,10,000 இருந்த இடத்தில் 90,000 நட்டம் நின்றிருக்கும்.

குஜராத்தின் அமுல் கூட்டுறவு அமைப்பை லாபத்தை மட்டும் வைத்துத் தனியார் உணவு கம்பெனிகளோடு ஒப்பிடுவது பொருந்தாது என்பதும் இதனால்தான். நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 80 ரூபாய் அளவுக்குப் பால் ஊற்றுபவருக்கே போகிறது என்று அந்த அமைப்பு சொல்கிறது. அங்கே லாபம் குறைவாக இருப்பது நிர்வாகத்தின் குறையல்ல, நோக்கம்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. விலையைக் கூட்டிக் கொடுத்தே காப்பு நிதிக்கு ஒன்றும் வைக்காத நிறுவனம், ஒரு பருவம் விலை சரிந்தால் படுத்துவிடும். பொதுக் காப்பு நிதி வைப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. கூடுதல் விலை, அதோடு சிறு லாபம், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் வளரும் காப்பு நிதி என்று மூன்றும் சேர்ந்து இருக்கும் நிறுவனம்தான் நம்பத்தக்கது.

நகைக்கு வருவோம்

நகைக்கடனுக்கு 9 சதவிகித வட்டி என்றால் 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 900 ரூபாய். அந்தப் பணத்தில் வாங்கும் பங்கு ஏறாது, நினைத்தபோது விற்க முடியாது, ஓட்டும் கூடாது. ஈவுத்தொகை வந்தால் உண்டு. பாக்கி நிலுவையும் உதவித்தொகையும் கழிந்த கணக்கைப் பார்க்காமல் இதற்கு நகையை வைக்க வேண்டாம்.

மறுபக்கம், ஏக்கருக்கு ஆயிரம் கிலோ எடுக்கும் மூன்று ஏக்கர்க்காரருக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் கூடினால் ஒரு பட்டத்துக்கு 6,000 ரூபாய். அடகும் இல்லை, வட்டியும் இல்லை. குறைந்தபட்சப் பங்கைக் கட்டி உறுப்பினராகி, விளைந்ததை அங்கே கொடுப்பது மட்டும் போதும். பக்கத்து நிறுவனம் அந்த விலையை ஒரு முறை கொடுத்ததா, மூன்று நான்கு பட்டமாகக் கொடுக்கிறதா, எடை சரியா, பணம் எத்தனை நாளில் வருகிறது என்று அங்கே ஏற்கெனவே கொடுக்கும் உறுப்பினர்கள் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

எண்ணெய் ஆலைத் திட்டத்தைக் கேட்காமலே ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. 700 பேர் 10,000 வீதம் போட்டால் 70 லட்சம். அந்தப் பணத்துக்கு 10 சதவிகிதம் என்றாலே தேய்மானம், மின்சாரம், கூலி எல்லாம் போக ஆண்டுக்கு 7 லட்சம் மிஞ்ச வேண்டும். இன்று உதவித்தொகையோடும் சேர்த்து 2,10,000 மிஞ்சும் நிறுவனம் அந்த 7 லட்சத்தை எப்படிக் கொண்டுவரும், ஆண்டுக்கு எத்தனை டன் ஆட்டும், எண்ணெயை யார் வாங்குவார்கள், பிண்ணாக்கு எங்கே போகும் என்று எழுத்தில் கேட்கலாம்.

கேட்பதற்கு இடம் ஆண்டுப் பொதுக்கூட்டம். அறிவிப்பு குறைந்தது 14 நாள் முன்னதாக வர வேண்டும். அதோடு தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பு, லாப நட்டக் கணக்கு, காப்பு நிதிக்கும் ஊக்கத்தொகைக்கும் எவ்வளவு என்ற இயக்குநர் குழு அறிக்கை எல்லாம் உறுப்பினருக்குத் தரப்பட வேண்டும். நிறுவன விதிமுறை அதற்கு மேல் கேட்காவிட்டால், மொத்த உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 700 பேர் உள்ள நிறுவனத்துக்கு 175 பேர். கையெழுத்து வாங்க வீட்டுக்குப் பதிவேட்டைக் கொண்டுவந்தால், கூட்டத்துக்கே வந்து போடுவதாகச் சொல்லி, கணக்கின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தராவிட்டால், நிறுவனம் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் கணக்கை கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். அங்கேயும் சில ஆண்டுகளாகக் கணக்கே தாக்கலாகவில்லை என்று தெரிந்தால், 10,000 ரூபாய் கட்டலாமா என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிடும்.